இருவருக்கான உறக்கப்பை: வேலூரிலிருந்து மலைக்குச் செல்லும் தம்பதிக்கு எது பொருந்தும்?

பாலாற்றங்கரையான், சத்துவாச்சாரி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் இரண்டு ஆண்டுகளாகக் கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களில் கூடாரம் எடுத்துக்கொண்டு ஏலகிரிக்கும் சவ்வாது மலைக்கும் சென்று, கட்டணம் பெற்றுக்கொண்டு இடம் தரும் தனியார் தோட்டங்களில் இரவு தங்கி வருகிறோம். இதுவரை எங்கள் படுக்கை ஒரு கோரைப்பாய், அதன்மேல் ஒரு ஜமக்காளம், போர்த்திக்கொள்ள இரண்டு கம்பளி என்ற அளவில்தான் இருந்தது. வேலூர் வெயிலில் வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்பதே விருந்தாளி போன்றது என்பதால் அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். சென்ற தை மாதம் சவ்வாது மலையில் காவலூருக்கு அருகில் தங்கிய இரவில் அது தவறு என்று தெரிந்தது. நள்ளிரவுக்குமேல் கால்விரல்கள் சில்லிட்டுப்போய் என் மனைவி விடியும்வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறார். நானோ கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டு நன்றாக உறங்கியிருக்கிறேன். காலையில் அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் படும் அவதி தெரியாமல் உறங்கினேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப்பை வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். இருவரும் சேர்ந்து படுக்கும்படி ஒரே பையாகத் தைத்தது நல்லதா, அல்லது ஒருவர் பைகள் இரண்டை வாங்கி ஜிப்பால் இணைத்துக்கொள்வது நல்லதா என்பது முதல் ஐயம். பையின் மேல் 15 டிகிரி, 5 டிகிரி, 0 டிகிரி என்றெல்லாம் எழுதியிருப்பதை எவ்வாறு புரிந்துகொள்வது என்பது இரண்டாவது. என் உயரம் 178 செ.மீ., அவர் உயரம் 155 செ.மீ. வரும் மார்கழியில் உதகைக்கும், அதற்கு அடுத்த ஆண்டு இமயத்தில் கேதார்காந்தா மலையேற்றத்துக்கும் செல்ல எண்ணம். பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் செல்கிறோம் என்பதால் எடையும் ஒரு கணக்குதான். பட்டறிவு உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சாமிமலைப் பாதை, திருப்பத்தூர்

வணக்கம் தம்பி. நானும் என் வீட்டம்மாவும் பதினொரு ஆண்டுகளாக இப்படிச் சென்று வருகிறோம் என்பதால், உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்தால்தான் முதல் கேள்விக்கு விடை சொல்ல முடியும்.

நல்ல தயாரிப்பாளர்களின் பைகளில் ஒரு எண் அல்ல, மூன்று எண்கள் இருக்கும். முன்பு ஈஎன் 13537 என்றும் இப்போது ஐஎஸ்ஓ 23537 என்றும் வழங்கும் தரக்கட்டளைப்படி, வெப்பத்தை உணரும் கருவிகள் பொருத்திய மனிதப் பொம்மையைப் பைக்குள் கிடத்தி அளந்து எடுத்த எண்கள் அவை. முதலாவது இதமான வெப்பநிலை. ஏறக்குறைய 60 கிலோ எடையும் 160 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பெண் உடலைத் தளர்த்திப் படுத்து, குளிர் உணராமல் உறங்கக்கூடிய அளவு. இரண்டாவது எல்லை வெப்பநிலை. ஓர் ஆண் உடலைக் குறுக்கிச் சுருண்டு படுத்து, நடுங்காமல் எட்டு மணி நேரத்தைக் கடத்தக்கூடிய அளவு. மூன்றாவது உயிர் தப்புவதற்கான எண்; அதை உறக்கத்துக்கான எண்ணாக யாரும் கொள்ளக்கூடாது. கடைகளில் பெரிய எழுத்தில் அச்சிடுவது பெரும்பாலும் இரண்டாவது எண்ணைத்தான். சில மலிவான பைகளில் மூன்றாவது எண்ணையே போட்டுவிடுகிறார்கள். எந்த எண் என்று எழுதாமல் வெறுமனே 0 டிகிரி என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். தம்பதியாகப் படுப்பவர்கள் இருவரில் யாருக்கு அதிகம் குளிருமோ அவருடைய எண்ணைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது உங்கள் மனைவி. ஆகவே இதமான வெப்பநிலை என்ற எண்ணை மட்டும் பாருங்கள். உங்களுக்கு வெப்பமாக இருந்தால் ஒரு பக்கத்து ஜிப்பைத் திறந்துவிட்டுக் கொள்ளலாம். அவருக்குக் குளிர்ந்தால் நடு இரவில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இனி நம் மலைகளின் கணக்குக்கு வருவோம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. வேலூர் நகரம் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. தை மாத இரவில் அங்கே 18 டிகிரி இருந்தால், 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரில் 15 டிகிரியும், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஏலகிரியில் 12 டிகிரியும், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் 5 டிகிரியும் எதிர்பார்க்கலாம். ஆனால் இது காற்றின் வெப்பம். தரையின் வெப்பம் வேறு. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு அங்கே வானம் தெளிவாக இருண்டிருப்பதும் ஒரு காரணம். அதே தெளிந்த வானம் தரையில் சேர்ந்திருக்கும் சூட்டை இரவில் தடையின்றி மேலே விட்டுவிடும். அதனால்தான் 15 டிகிரி என்று நாம் கணக்குப் போடும் இடத்தில் திறந்த புல்வெளியில் கூடாரம் போட்டவருக்கு விடியற்காலையில் 11 அல்லது 12 டிகிரியாகத் தோன்றுகிறது. உதகையின் பள்ளங்களில் மார்கழி, தை மாதங்களில் உறைபனியே விழுகிறது. புல்வெளியின் நடுவை விட்டு மரக்கிளைகளுக்குக் கீழே, பள்ளத்தை விட்டு மேட்டில் கூடாரம் அமைத்தாலே பையின் வேலை பாதியாகும்.

உங்கள் மனைவியின் கால்விரல்கள் சில்லிட்டதற்குக் கம்பளி மட்டும் காரணம் அன்று என்று நினைக்கிறேன். கோரைப்பாய் நம் ஊர்க் கோடைக்காகப் பிறந்தது. அதன் வழியே தரையின் குளிர்ச்சி மேலே வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். மலையில் அதை விரித்தால் அதே வேலையைத்தான் செய்யும். எவ்வளவு தடித்த உறக்கப்பை வாங்கினாலும் உடலுக்கு அடியில் உள்ள பகுதி நம் எடையில் நசுங்கிப்போகும். நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் வெப்பக்காப்பும் இல்லை. ஆகவே பைக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அடிப்பாய்க்கு ஒதுக்குங்கள். ஆர் மதிப்பு என்று அதன்மேல் எழுதியிருக்கும்; தரையின் குளிரைப் பாய் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண் அது. ஏலகிரிக்கு 2 போதும், உதகைக்கு 3 அல்லது 4 வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாய் போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும் என்பதால், சாதாரண ஃபோம் பாய்கள் இரண்டைக்கொண்டே தொடங்கலாம். வீட்டில் விருந்தினருக்கு ஊதிப் போடும் உயரமான காற்று மெத்தையை மட்டும் கொண்டுசெல்ல வேண்டாம். அதனுள்ளே காற்று புரண்டுகொண்டே இருந்து தரையின் குளிரை முதுகுக்குக் கொண்டுவரும்.

நெசவாளர் வீட்டுப் பெண், குடியாத்தம்

சகோதரருக்கு வணக்கம். ஒரே பையாகத் தைத்த இருவர் பையை மூன்று ஆண்டுகள் பயன்படுத்தியவள் என்ற முறையில், அதிலும் குளிரால் உறங்காமல் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில், உங்கள் மனைவியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

விளம்பரப் படங்களில் இருவர் பை மிகவும் இதமாகத் தெரியும். இரண்டு உடல்களின் சூடு ஒரே இடத்தில் சேர்வதால் முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே இதமாகத்தான் இருக்கும். சிக்கல் தோளில் தொடங்குகிறது. ஒருவர் பையில் கழுத்தைச் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிந்துகொள்ளலாம். இருவர் பையில் இரண்டு தலைகளுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு இருந்தே தீரும். ஒருவர் புரளும்போதெல்லாம் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அந்த வழியே வெளியேறி, குளிர்ந்த காற்று நெஞ்சின்மேல் இறங்கும். என் கணவர் உங்களைப் போலவே உயரமானவர். அவர் தோளின் உயரத்துக்குப் பை தூக்கிக்கொண்டு நிற்க, குட்டையான எனக்கு அந்தப் பக்கம் ஒரு குகைபோல் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடத்தை என் உடல்தான் சூடாக்க வேண்டும். கால்மாட்டிலும் அப்படியே, என் பாதத்துக்குக் கீழே ஒன்றரை அடிக்குப் பை வெறுமையாகக் கிடந்தது.

இதற்கு நாங்கள் கண்ட தீர்வுகள் எளியவை. தலைகளுக்கு நடுவே ஒரு சால்வையைச் சுருட்டி அடைத்துவிடுவோம். மறுநாள் உடுத்தவேண்டிய துணிகளை என் கால்மாட்டு வெற்றிடத்தில் திணித்துவிடுவோம்; காலையில் அவை வெதுவெதுப்பாகவும் இருக்கும். படுக்கும் முன் காலுறைகளை மாற்றிவிடுவேன், ஏனென்றால் பகலெல்லாம் போட்டிருந்த காலுறையில் தெரியாத ஈரம் இருக்கும். குல்லாவைக் கழற்றவே மாட்டேன். கொதிநீரை நன்றாக மூடும் எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, ஒரு துணியைச் சுற்றிப் பாதத்தருகே வைத்துக்கொள்வதைப்போன்ற சுகம் வேறில்லை.

இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள். உறக்கப்பையை அடிக்கடி துவைத்தால் அதன் பஞ்சு கட்டிக்கொள்ளும். துவைக்காவிட்டால் வியர்வை ஊறிப்போகும். ஆகவே உள்ளே மெல்லிய பருத்தி உள்ளுறை ஒன்று வேண்டும். எங்கள் ஊரில் கைத்தறி லுங்கிக்குப் பஞ்சமில்லை என்பதால், தைக்காத லுங்கித் துணியைப் பக்கவாட்டில் இணைத்து, பையின் அளவுக்குச் சற்றுப் பெரிதாக இருவருக்கும் தனித்தனி உள்ளுறையாக நானே தைத்துக்கொண்டேன். தனித்தனியாகத் தைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் இரவில் எழுந்து வெளியே சென்று வந்தால் மற்றவர்மேல் உள்ள துணி விலகாது. இருவர் பையில் மனக்கசப்பு வருவதே பெரும்பாலும் இப்படி நள்ளிரவில் இரண்டு மணிக்கு எழுவதால்தான். பை வாங்கும்போது இரண்டு பக்கமும் ஜிப் இருக்கிறதா, அந்த ஜிப்பை உள்ளிருந்தே திறக்க முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் பையில் ஒரு பக்கம்தான் இருந்தது, அது என் பக்கம் இல்லை.

ரன்னர், இராணிப்பேட்டை

தோல் பைகளும் பயணப் பைகளும் தைக்கும் கூடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மலையேற்றம் எனக்குத் தெரியாது. ஜிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பைகளை வாங்கிவிட்டு அவை சேரவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

இரண்டு பைகள் ஒன்றாகச் சேர வேண்டுமென்றால் ஜிப் அடியில் முழுவதும் பிரியும் ஓப்பன் எண்ட் வகையாக இருக்க வேண்டும். அதன் ஒரு பக்கத்து முனையில் குச்சியும் மறுபக்கத்து முனையில் அந்தக் குச்சி செருகும் பெட்டியும் இருக்கும். ஒரு பையின் குச்சி மற்றொரு பையின் பெட்டியில் உட்கார வேண்டும். இதற்கு ஜிப்பின் வகை, எண், நீளம் மூன்றும் ஒன்றாக இருப்பது தேவை. சுருள் ஜிப்பும் பல் ஜிப்பும் ஒன்றோடொன்று கோக்காது. 5-ஆம் எண் ஜிப்பை மூடினால் பற்களின் அகலம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருக்கும். அதை 8-ஆம் எண்ணுடன் சேர்க்க முயன்றால் ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர்தான் உடையும். ஒரே எண்ணாக இருந்தாலும் வெவ்வேறு தயாரிப்பாளரின் குச்சியும் பெட்டியும் பொருந்துவதற்கு உறுதியில்லை. ஆகவே ஒரே தயாரிப்பாளரின் ஒரே மாதிரியில் இரண்டு வாங்குவதுதான் பாதுகாப்பு.

அடுத்தது இடம், வலம். மல்லாந்து படுத்த நிலையில் ஜிப் இடக்கைப் பக்கம் வந்தால் அது இட ஜிப் பை. தலைக்குக் குல்லாய் போன்ற மூடி உள்ள பைகளில் ஒன்று இட ஜிப்பாகவும் மற்றொன்று வல ஜிப்பாகவும் இருந்தால்தான், இரண்டு தலைமூடிகளும் தரைப்பக்கமாக வரும். வல ஜிப் பையில் படுப்பவர் இடப்புறமும், இட ஜிப் பையில் படுப்பவர் வலப்புறமும் படுக்க, ஜிப்புகள் நடுவில் சந்திக்கும். தலைமூடி இல்லாத நீள்சதுரப் பைகளில் ஜிப் பக்கவாட்டிலிருந்து கால்மாடு வரை சுற்றிவந்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் முழுவதும் விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக உட்புறம் உட்புறத்தைப் பார்க்கும்படி கவிழ்த்தால், ஒரே வகைப் பைகளே சேர்ந்துவிடும். கீழே ஒன்று மெத்தையாகவும் மேலே ஒன்று போர்வையாகவும் அமையும்.

ஜிப்பின் உட்புறம் நீளவாக்கில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பட்டை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பற்களின் வழியே காற்று உள்ளே வரும். அந்தப் பட்டையின் துணி மெல்லியதாக இருந்தால் ரன்னர் கடித்துக்கொள்ளும் என்பதால், ஓரத்தில் தடித்த நாடா வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். இறுகிய ஜிப்புக்கு எண்ணெய் விடாதீர்கள், துணி பாழாகும். மெழுகுவத்தியைப் பற்களின்மேல் இரண்டு முறை தேய்த்தால் போதும்.

பாலாற்றங்கரையான், சத்துவாச்சாரி

மூவருக்கும் மிக்க நன்றி. என் மனைவி இந்தப் பதில்களை முழுவதும் படித்துவிட்டு, குடியாத்தத்துச் சகோதரி சொன்ன குகைபோன்ற வெற்றிடத்தைத்தான் தன்னால் சொல்லில் சொல்ல முடியாமல் இருந்தது என்றார். இரண்டு கம்பளிக்குள் ஒன்றாகப் படுத்தபோதும் அதுவே நடந்திருக்கிறது. இன்னும் ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது. வாத்தின் தூவி நிரப்பியது வாங்குவதா, செயற்கைப் பஞ்சு நிரப்பியதா? தூவிப் பை எடையில் பாதிதான் இருக்கும் என்கிறார்கள். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் வீட்டு அலமாரியில் அதை எட்டு மாதம் வைத்திருக்கலாமா?

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், காட்பாடி

தம்பி, நானும் என் துணைவியாரும் பணி ஓய்வுக்குப் பிறகு மூன்று முறை உத்தராகண்டுக்குச் சென்று வந்தவர்கள். தூவி என்ற சொல் நமக்குப் புதிதன்று. அன்னத்தின் தூவியை அடைத்த படுக்கையைப் பற்றி நம் பழம்புலவர்கள் பாடியிருக்கிறார்கள். எடைக்கு எடை பார்த்தால் வெப்பத்தைக் காப்பதில் இன்றும் அதற்கு நிகர் இல்லை. அதன் தரத்தை 550, 650, 800 என்ற எண்களால் குறிப்பார்கள். ஓர் அவுன்ஸ் தூவி விரிந்து எத்தனை கன அங்குலத்தை நிரப்புகிறது என்பதே அந்த எண். ஆனால் ஈரம் பட்டால் தூவி திரளைதிரளையாக ஒட்டிக்கொண்டு காப்பை இழந்துவிடும். ஒரே கூடாரத்தில் இருவர் மூச்சுவிடும்போது விடியற்காலையில் கூரையின் உட்புறம் நீர்முத்துகள் கோத்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏலகிரியிலும் உதகையிலும் மூடுபனி வேறு. நம் மலைகளுக்குச் செயற்கைப் பஞ்சே ஏற்றது; நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், அரை நாள் வெயிலில் உலர்ந்தும் விடும். எப்படி இருந்தாலும் கூடாரத்தின் மேல்சன்னலை மூடிவிடாதீர்கள். குளிருக்குப் பயந்து அடுப்பையோ கரிச்சட்டியையோ உள்ளே வைக்கும் எண்ணம் ஒருநாளும் வரக்கூடாது. மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரைக் கொண்டுபோய்விடும்.

திருப்பத்தூர் நண்பர் சொன்னவற்றோடு எனக்கு ஓரிடத்தில் மட்டும் ஒரு சேர்க்கை உண்டு. அந்த எண்கள் ஒருவர் தனியே ஒரு பைக்குள் மூடிப் படுத்த நிலைக்கு உரியவை. இரண்டு பைகளை இணைத்த பிறகு, தோள் திறப்பின் காரணமாக, அதே எண்ணை எதிர்பார்க்கக்கூடாது. உதகையில் 5 டிகிரி என்றால், இணைத்துப் படுப்பவர்கள் இதமான வெப்பநிலை 0 என்று குறித்த பையை வாங்குவதே நல்லது.

கேதார்காந்தாவுக்காக இப்போதே பை வாங்க வேண்டாம். சுமார் 3,800 மீட்டர் உயர்ந்த மலை அது. பனிக்காலத்தில் அதன் முகாம்களில் வெப்பம் உறைநிலைக்கு வெகுகீழே இறங்கும். பெரும்பாலான மலையேற்ற அமைப்பாளர்கள் அங்கே ஒருவர் பையைத் தாங்களே தருகிறார்கள். அத்தகைய குளிரில் தம்பதியானாலும் அவரவர் பையில், கழுத்தை இறுக்கி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியப் படுப்பதே உடலுக்கு நல்லது. நாங்கள் முதல் பயணத்தில் இணைத்துப் படுத்துப் பார்த்தோம். இரண்டாம் இரவே பிரித்துவிட்டோம். பைகள் தொட்டுக்கொண்டு கிடந்தாலே பக்கத்தில் இருப்பவரின் இருப்பு தெரியும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, ஜிப் முழுவதும் பிரிந்து விரியும் நீள்சதுரச் செயற்கைப் பஞ்சுப் பைகள், ஒரே மாதிரியில் இரண்டு. ஏலகிரிக்கும் காவலூருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துச் சென்று, அடியில் நல்ல பாய்களைப் போட்டு, பையை விரித்து இருவரும் போர்வையாகப் போர்த்திக்கொள்ளுங்கள். எடை பாதியாகும், நீங்கள் காலை வெளியே நீட்டிக்கொள்ளவும் வசதி. உதகைக்கு இரண்டையும் எடுத்துச் சென்று இணையுங்கள். ஒருவர் மட்டும் வெளியூர் செல்ல நேர்ந்தால் ஒன்று போதும். ஒரே பையாகத் தைத்த இருவர் பை இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் உதவும், பலவும் மூன்று கிலோவைத் தாண்டும்.

வைத்திருக்கும் முறை: பையோடு வரும் சிறிய உறைக்குள் திணித்தே வைத்திருந்தால் பஞ்சு எழும்பும் தன்மையை இழந்துவிடும். அந்த உறை பயணத்துக்கு மட்டும் உரியது. வீட்டில் பெரிய பருத்தித் தலையணை உறையிலோ மெத்தை உறையிலோ தளர்வாக இட்டு, மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள பரணைத் தவிர்த்து, காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். ஊரிலிருந்து வந்ததும் நிழலில் ஒரு நாள் உலர்த்தாமல் உள்ளே வைக்கவே வைக்காதீர்கள்.

பாலாற்றங்கரையான், சத்துவாச்சாரி

ஐயா, அப்படியே செய்கிறோம். நேற்று இரவு வீட்டுத் தரையில் 150 செ.மீ. அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு இருவரும் படுத்துப் பார்த்தோம். ஒருக்களித்துப் படுத்தால் போதுமானதாக இருக்கிறது, மல்லாந்து படுத்தால் என் முழங்கை கோட்டைத் தாண்டுகிறது. நீளத்துக்கு என் உயரத்தோடு ஒரு முழம் கூட்டி 220 செ.மீ. என்று குறித்துக்கொண்டேன். சகோதரி, உள்ளுறைக்கு எத்தனை மீட்டர் துணி எடுக்க வேண்டும் என்று என் மனைவி கேட்கச் சொன்னார்.

நெசவாளர் வீட்டுப் பெண், குடியாத்தம்

உங்களுக்கு ஐந்து மீட்டர், அவருக்கு நாலரை மீட்டர். தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடச் சொல்லுங்கள், கைத்தறி முதல் நனைப்பில் சுருங்கும். கால்மாட்டுத் தையலை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள்; முதலில் விடுவது அங்கேதான்.